வலிக்கும் முன்பே வாய் திறப்போம்

வாணியம்பாடியில் ஒரு பல் மருத்துவமனைக்குப் போய்வந்தவர்களில் எட்டுப் பேர் 2022–23 காலகட்டத்தில் மூளையைத் தாக்கிய தொற்றால் இறந்துபோனார்கள். 2025இல் ஒரு மருத்துவ ஆய்விதழில் கட்டுரை வெளிவந்த பிறகுதான் நம்மில் பலருக்கு இது தெரியவந்தது. பல்வலி என்று போனவர் பிணமாகத் திரும்பினார் என்று படித்த பிறகு, பல் மருத்துவரின் நாற்காலியில் சாயவே பயமாக இருக்கிறது என்று பலரும் சொல்கிறார்கள். அந்தப் பயம் நியாயமானது. ஆனால், பயத்தால் வாயை மூடிக்கொண்டால் ஏற்கெனவே இருக்கும் ஆபத்து இன்னும் பெரிதாகும்.

வேலூர் சிஎம்சி, தேசிய தொற்றுநோயியல் நிறுவனம், தமிழகப் பொது சுகாதாரத் துறை ஆகியவற்றைச் சேர்ந்தவர்கள் அந்த ஆய்வைச் செய்தார்கள். அவர்கள் கண்டறிந்த காரணம் நெஞ்சைப் பிசைகிறது. சிகிச்சையின்போது வாயைக் கழுவப் பயன்படும் சலைன் பாட்டிலை, ஈறை விலக்கும் கருவியாலேயே திறந்திருக்கிறார்கள். திறந்த பாட்டிலைப் பஞ்சால் அடைத்துவைத்து, அடுத்தடுத்து வந்தவர்களுக்கும் அதையே பயன்படுத்தியிருக்கிறார்கள். மண்ணிலும் தண்ணீரிலும் வாழும் ஒரு கிருமி அந்த வழியாக உள்ளே போய்விட்டது. விலை உயர்ந்த இயந்திரம் இல்லாததால் நேர்ந்த சாவுகள் இல்லை இவை. ஒவ்வொருவருக்கும் புதிய பாட்டிலைத் திறந்திருந்தால் போதும்.

இந்தச் சம்பவத்திலிருந்து அரசும் மருத்துவர்களும் கற்க வேண்டியவை இருக்கின்றன. அவற்றைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் நாம் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. பல் மருத்துவரிடம் நாம் எப்போது போகிறோம்? இரவெல்லாம் தூங்காமல், கன்னம் வீங்கி, கிராம்பு எண்ணெயும் பலிக்காமல், மருந்துக் கடையில் வாங்கிய மாத்திரையும் கைவிட்ட பிறகு போகிறோம். அந்த நிலையில் எந்த இடம், எப்படிப்பட்ட இடம், கருவி சுத்தமா என்றெல்லாம் பார்க்கும் தெம்பு யாருக்கு இருக்கும்? முதலில் கண்ணில் படும் பெயர்ப்பலகைக்குள் நுழைந்துவிடுகிறோம். வலி வரும்வரை காத்திருப்பதால் பல் போகிறது, பணம் போகிறது, நல்ல இடம் பார்த்துப் போகும் வாய்ப்பும் போகிறது.

உலக சுகாதார நிறுவனத்தின் 2022ஆம் ஆண்டு அறிக்கைப்படி, உலகில் ஏறத்தாழ 350 கோடிப் பேருக்கு ஏதாவதொரு வாய் நோய் இருக்கிறது. கிட்டத்தட்ட இரண்டில் ஒருவர். இதில் பெரும்பகுதி, வராமலே தடுத்திருக்கக்கூடிய நோய்.

வலிக்காத காலம்தான் வாய்ப்பான காலம்

பல்லின் வெளிப்புறம் எனாமல். நம் உடம்பிலேயே மிகக் கடினமான பொருள் அதுதான், எலும்பைவிடக் கடினம். ஆனால் அதில் நரம்பு கிடையாது. அதனால் எனாமல் அரிக்கப்படும்போது நமக்கு ஒன்றும் தெரிவதில்லை. வாயிலுள்ள கிருமிகள் சர்க்கரையைத் தின்று அமிலத்தைக் கக்குகின்றன. அந்த அமிலம் எனாமலிலுள்ள சுண்ணாம்புச் சத்தைக் கரைக்கிறது. முதலில் சுண்ணாம்பு தொட்டு வைத்ததுபோல ஒரு வெள்ளைப் புள்ளி. அந்தக் கட்டத்தில் ஃபுளோரைடு பற்பசையும் சாப்பாட்டுக் கட்டுப்பாடும் போதும். பல் தன்னைத்தானே சரிசெய்துகொள்ளவும் கூடும்.

அதைத் தாண்டினால் குழி விழும். எனாமலுக்குக் கீழே இருக்கும் டென்டின் மென்மையானது. அங்கே சொத்தை வேகமாகப் பரவும். குளிர்ந்த தண்ணீர் பட்டால் சுரீரென்கிறது, இனிப்பு பட்டால் கூசுகிறது என்பது இந்தக் கட்டம். இப்போது போனால் சொத்தையைச் சுரண்டி அடைத்துவிடுவார்கள். ஒரு தடவை உட்கார்ந்தால் வேலை முடிந்துவிடும். பெரும்பாலான ஊர்களில் சில நூறு ரூபாயிலிருந்து ஓரிரு ஆயிரத்துக்குள் செலவும் முடிந்துவிடும்.

இதையும் விட்டால் சொத்தை பல்லின் நடுவிலுள்ள நரம்புக் கூழைத் தொடும். அதன் பிறகு வரும் வலிதான் நமக்குத் தெரிந்த பல்வலி. படுத்தால் அதிகரிக்கும், காதுக்கும் நெற்றிப்பொட்டுக்கும் ஏறும். இங்கிருந்து வேர் சிகிச்சை, கேப் என்று செலவு பல ஆயிரங்களுக்குப் போகிறது. இல்லையென்றால் பல்லையே எடுக்க வேண்டும்.

நம் வீடுகளில் பலரை ஏமாற்றிய கட்டம் இதற்கு அடுத்தது. சில நாள் உயிரை வாங்கிய வலி, ஒரு காலையில் தானாகவே நின்றுவிடும். "உப்புத் தண்ணி கொப்பளிச்சேன், சரியாயிடுச்சு" என்போம். சரியாகவில்லை, நரம்பு செத்துவிட்டது. வலியைச் சொல்ல உள்ளே யாரும் இல்லை என்பதால்தான் அந்த அமைதி. கிருமி வேரின் நுனி வழியாகத் தாடை எலும்புக்குள் இறங்கிக்கொண்டிருக்கும். மாதங்கள் கழித்து ஈறில் ஒரு கொப்புளமாகவோ, ஒரு நாள் காலையில் முகமே வீங்கியோ அது வெளியே வரும்.

இங்கே ஓர் எச்சரிக்கையைச் சொல்லிவிட வேண்டும். தாடைக்குக் கீழே, நாக்குக்கு அடியில் வீக்கம் பரவி, விழுங்க முடியாமலோ மூச்சுவிடச் சிரமமாகவோ இருந்தால், அது பல் மருத்துவமனைக்குக் காலையில் போகிற விஷயம் கிடையாது. இரவானாலும் பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு ஓட வேண்டும். சொத்தைப் பல்லில் தொடங்கிய சீழ் கழுத்துக்கு இறங்கி மூச்சுக்குழாயை நெரித்துவிடக்கூடும்.

வேர் சிகிச்சையில் என்ன செய்கிறார்கள்?

'ரூட் கேனல்' என்ற சொல்லைக் கேட்டாலே நடுங்குபவர்கள் உண்டு. உண்மையில், வலியைக் கொடுப்பது அந்தச் சிகிச்சை இல்லை. அதுவரை நாம் பொறுத்துக்கொண்ட தொற்றுதான். மரத்துப்போகும் ஊசி போட்ட பிறகு, பல்லின் மேற்புறத்தில் சிறு துளையிட்டு, கெட்டுப்போன நரம்புக் கூழை மெல்லிய ஊசி போன்ற கருவிகளால் வழித்தெடுக்கிறார்கள். வேரிலுள்ள நுண்ணிய குழாய்களைக் கழுவி, உலர்த்தி, ஒரு மரத்தின் பாலிலிருந்து எடுக்கப்படும் ரப்பர் போன்ற பொருளால் இறுக அடைக்கிறார்கள். பல் செத்திருந்தாலும் வேர் எலும்பில் உறுதியாக நிற்கும். மெல்லலாம், கடிக்கலாம்.

சிலருக்கு ஊசி போட்டும் வலிக்கும். சீழ் கட்டிய இடத்தில் அமிலத்தன்மை கூடிவிடுவதால் மரத்துப்போகும் மருந்து அங்கே சரியாக வேலை செய்யாது. அதனால்தான் சில சமயம் முதலில் சீழை வெளியேற்றி, தேவையானால் மாத்திரையும் கொடுத்து, "வீக்கம் இறங்கட்டும், வாங்க" என்கிறார்கள். நாம் வீக்கம் இறங்கியதும் போவதை நிறுத்திவிடுகிறோம். ஆன்டிபயாடிக் மாத்திரை, ரத்தம் ஓடும் இடத்துக்குத்தான் போகும். செத்துப்போன பல்லுக்குள் ரத்த ஓட்டம் இல்லை. அங்கே குடியிருக்கும் கிருமியை எத்தனை அட்டை மாத்திரை போட்டாலும் அசைக்க முடியாது. மருந்துக் கடையில் "பல்வலிக்கு ரெண்டு வேளைக்குக் கொடுங்க" என்று வாங்கிச் சாப்பிடுவதால், அடுத்த முறை உண்மையாகவே தேவைப்படும்போது அந்த மருந்து கேட்காமல் போகும் ஆபத்தும் சேர்கிறது.

வேர் சிகிச்சைக்குப் பிறகு கேப் போடச் சொல்வது வியாபாரம் என்று நினைப்பவர்கள் அதிகம். கடைவாய்ப் பல்லைப் பொறுத்தவரை அந்தச் சந்தேகம் பெரும்பாலும் தவறு. உள்ளே குடைந்தெடுத்த பல், ஓட்டை விழுந்த தேங்காய்ச் சிரட்டையைப்போல. மெல்லும் அழுத்தத்தில் பிளந்துவிடும். வேர்வரை பிளந்தால், செய்த செலவு அத்தனையும் வீணாகி, பல்லை எடுக்க வேண்டியதாகிவிடும். முன் பல்லில் சேதம் குறைவாக இருந்தால் கேப் இல்லாமலேகூடச் சமாளிக்கலாம். ஆகவே, "எதற்காகப் போட வேண்டும்? போடாவிட்டால் என்ன ஆகும்?" என்று கேளுங்கள். எக்ஸ்ரே படத்தைக் காட்டி விளக்கச் சொல்லுங்கள். பொறுமையாக விளக்குபவரே நல்ல மருத்துவர்.

எடுத்தே தீர வேண்டிய பற்களும் உண்டு. மேல் பல்லை எடுத்தால் கண் பார்வை போய்விடும் என்ற நம்பிக்கை நம் ஊரில் இன்னமும் வலுவாக இருக்கிறது. என் அப்பா அந்தப் பயத்தில் ஆடிக்கொண்டிருந்த ஒரு பல்லை மூன்று வருடம் வைத்திருந்தார். கடைசியில் பக்கத்துப் பல்லையும் சேர்த்து எடுக்க வேண்டியதாயிற்று. பல்லுக்குப் போகும் நரம்பும், பார்வையைச் சுமக்கும் நரம்பும் வேறு வேறு. பல் விழும் வயதில்தான் பார்வையும் மங்குகிறது. இரண்டையும் நாம் முடிச்சுப் போட்டுவிட்டோம், அவ்வளவுதான்.

ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுபவர்கள் பல் எடுக்கப் போகுமுன் தாங்களாகவே அதை நிறுத்திவிடக் கூடாது. இதய மருத்துவரும் பல் மருத்துவரும் பேசி முடிவெடுக்கட்டும். எலும்புத் தேய்மானத்துக்கு ஊசியோ மாத்திரையோ எடுப்பவர்கள் அதை மறக்காமல் சொல்ல வேண்டும். அவற்றில் சில, பல் எடுத்த இடத்தில் தாடை எலும்பு ஆறாமல் போகக் காரணமாகலாம். கர்ப்பிணிகள் பல் சிகிச்சையைத் தள்ளிப்போடத் தேவையில்லை; நான்காம் மாதம் முதல் ஆறாம் மாதம்வரை வசதியான காலம்.

எடுத்த இடத்தைக் காலியாக விட்டால் பக்கத்துப் பற்கள் சாயும். எதிர்ப் பல் இறங்கிவரும். அதனால் பிரிட்ஜ், இம்பிளான்ட், கழற்றி மாட்டும் பல்செட் என்று ஏதாவதொன்றைப் பரிந்துரைப்பார்கள். ஸ்வீடனைச் சேர்ந்த பிரோனமார்க், டைட்டானியம் உலோகம் எலும்போடு பின்னிப்பிணைவதை ஆய்வுக்கூடத்தில் கண்டார். 1965இல் அதை முதன்முதலாக ஒருவரின் தாடையில் பொருத்தினார். அதுதான் இன்றைய இம்பிளான்ட். நல்ல சிகிச்சைதான். ஆனால் சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவருக்கும் புகைப்பவருக்கும் அது தோற்கும் வாய்ப்பு அதிகம் என்பதை விளம்பரங்கள் சொல்வதில்லை.

ஈறு: யாரும் கவனிக்காத அஸ்திவாரம்

சொத்தையாவது ஒரு நாள் வலிக்கும். ஈறு நோய் பெரும்பாலும் வலிக்கவே வலிக்காது. பல் தேய்க்கும்போது நுரையில் சிவப்பு தெரிகிறது. "பிரஷ் குத்தியிருக்கும்" என்று துப்பிவிட்டுப் போகிறோம். கை கழுவும்போது தினமும் விரலில் ரத்தம் வந்தால் இப்படி இருப்போமா?

பல்லின் மேல் படியும் வழுவழுப்பான அழுக்கில் கிருமிகள் கூட்டமாக வாழ்கின்றன. அதை எடுக்காவிட்டால் எச்சிலிலுள்ள தாதுக்கள் படிந்து காரையாக இறுகிவிடும். இறுகிய காரையை எந்தப் பிரஷ்ஷாலும் தேய்த்தெடுக்க முடியாது. ஈறு வீங்கி, ரத்தம் கசிவது முதல் கட்டம். இது முழுமையாகக் குணமாகக்கூடியது. அடுத்த கட்டத்தில் பல்லைப் பிடித்திருக்கும் எலும்பே கரையத் தொடங்கும். கரைந்த எலும்பு பெரும்பாலும் திரும்ப வளராது. பல் நீண்டுவிட்டதுபோலத் தெரியும், இடைவெளி விழும், கடைசியில் ஆடும். சொத்தையே இல்லாத, பார்க்க நன்றாக இருக்கும் பல் ஒன்று சோற்றோடு கையில் வருவது இப்படித்தான்.

"பல்லை க்ளீன் பண்ணினால் ஆட ஆரம்பிச்சிடும்" என்று நம்பி ஒதுங்குபவர்கள் ஏராளம். காரையை எடுத்த பிறகு சிலருக்குப் பல் ஆடுவது உண்மைதான். எலும்பு ஏற்கெனவே கரைந்துவிட்ட பற்களைக் காரைதான் சிமென்ட்போலச் சேர்த்துப் பிடித்திருந்தது. அதை எடுத்ததும் உண்மை நிலை தெரிகிறது. சுத்தம் செய்த சில நாட்கள் கூச்சமும் இருக்கும், அது அடங்கிவிடும். ஒலி அதிர்வால் காரையைத் தட்டி உதிர்க்கும் கருவி, முறையாகப் பயன்படுத்தினால் எனாமலைத் தேய்த்துவிடாது.

இதில் சர்க்கரை நோயாளிகள் கூடுதலாகக் கவனம் வைக்க வேண்டும். 2023இல் வெளிவந்த ஐசிஎம்ஆர் ஆய்வின்படி நாட்டில் ஏறத்தாழ 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. ரத்தத்தில் சர்க்கரை கூடினால் ஈறு நோய் முற்றும். ஈறில் நாள்பட்ட அழற்சி இருந்தால் சர்க்கரை கட்டுக்குள் வர மறுக்கும். காலையும் கண்ணையும் ஆண்டுதோறும் பரிசோதிக்கச் சொல்கிறோம். வாயைப் பார்க்கச் சொல்லும் மருந்துச்சீட்டை நான் அதிகம் பார்த்ததில்லை.

ஆறு வயதில் ஏமாற்றும் பல்

குழந்தைகள் விஷயத்தில் நாம் செய்யும் பெரிய தவறு, "விழப்போற பல்தானே" என்பது. பால் பற்கள் 20. கடைசிப் பல் விழப் பன்னிரண்டு வயதாகிவிடும். அதுவரை அதை வைத்துத்தான் குழந்தை சாப்பிட வேண்டும். அடியில் வளரும் நிரந்தரப் பல்லுக்கு இடம் பிடித்துவைப்பதும் அதுதான். சீக்கிரமே எடுத்துவிட்டால் பின்னால் வரும் பல் கோணலாக முளைக்கும். சொத்தைப் பல்லோடு இருக்கும் பிள்ளை ஒரு பக்கமாகவே மென்று, சாப்பாட்டைக் குறைத்து, இரவில் விழித்து, வகுப்பில் சோர்ந்து உட்காரும். அதைப் படிப்பில் அக்கறையில்லை என்று புரிந்துகொள்கிறோம்.

இன்னொன்றைப் பெற்றோர் பலரும் அறிவதில்லை. ஏறக்குறைய ஆறு வயதில், பால் பற்களுக்கெல்லாம் பின்னால், எந்தப் பல்லும் விழாமலேயே ஒரு கடைவாய்ப் பல் முளைக்கும். மேலே இரண்டு, கீழே இரண்டு. எதுவும் விழவில்லை என்பதால் அதையும் பால் பல் என்றே நினைத்துவிடுகிறோம். அது நிரந்தரப் பல். வாழ்நாள் முழுக்க மெல்லும் பளுவில் பெரும்பங்கைச் சுமக்கப்போவதும் அதுதான். அதன் மேற்பரப்பு ஆழமான வரிப்பள்ளங்கள் கொண்டது. பிரஷ்ஷின் நார் உள்ளே போகாது. பத்து வயதுக்குள் சொத்தையாகி, பதினைந்தில் பிடுங்கப்படுவது பெரும்பாலும் இந்தப் பல். முளைத்தவுடன் அந்தப் பள்ளங்களை மெல்லிய பூச்சால் மூடிவிடலாம். ஊசி வேண்டாம், துளையிட வேண்டாம், சில நிமிட வேலை.

பால் புட்டியை வாயில் வைத்தபடியே தூங்கவைப்பதை நிறுத்த வேண்டும். தூக்கத்தில் எச்சில் சுரப்பு குறைந்துவிடும். பால் இரவெல்லாம் மேல்வரிசை முன் பற்களில் தேங்கி நின்று அரிக்கும்.

விளையாடும்போது நிரந்தரப் பல் முழுதாகப் பிடுங்கிக்கொண்டு விழுந்தால், வேரைத் தொடாமல் மேல்பகுதியைப் பிடித்து எடுத்து, பாலில் போட்டு, உடனே பல் மருத்துவரிடம் ஓடுங்கள். ஒரு மணி நேரத்துக்குள் போனால் திரும்பப் பொருத்தும் வாய்ப்பு நன்றாக இருக்கிறது. ஆசிரியர்கள் அறையில் இந்த வாக்கியத்தை எழுதி ஒட்டலாம்.

தேய்ப்பதும் தின்பதும்

ஆலங்குச்சியும் வேப்பங்குச்சியும் பயன்படுத்திய பாட்டிகளுக்குச் சொத்தை இல்லையே என்பார்கள். அவர்கள் தின்றதையும் பார்க்க வேண்டும். ஒரு நாளைக்கு ஐந்து முறை சர்க்கரை போட்ட டீயும், அதில் தோய்த்த பிஸ்கட்டும் அவர்கள் காலத்தில் இல்லை. இனிப்பு உள்ளே போகும் ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய அரை மணி நேரம் பல் அமிலத்தில் நனைகிறது. அதனால் எவ்வளவு தின்கிறோம் என்பதைவிட எத்தனை தடவை தின்கிறோம் என்பது முக்கியம். பண்டிகை நாளில் சாப்பாட்டோடு நான்கு லட்டு தின்பவரைவிட, தினமும் மணிக்கொரு மிட்டாய் சப்புபவரின் பல் சீக்கிரம் போகும்.

காலையில் தேய்ப்பது ஊருக்குள் போவதற்கு. இரவில் தேய்ப்பதுதான் பல்லுக்கு. இரண்டு நிமிடம், மென்மையான பிரஷ், ஃபுளோரைடு பற்பசை. பெரியவர்களுக்கும் பட்டாணி அளவு போதும். மூன்று வயதுக்குள் அரிசி அளவு. தேய்த்த பிறகு துப்பிவிடுங்கள். சொம்பு சொம்பாகத் தண்ணீர் விட்டுக் கொப்பளித்தால் ஃபுளோரைடும் கழுவிக்கொண்டு போய்விடும். சாம்பல், செங்கல் பொடி, கரித்தூள் எல்லாம் வெண்மையைக் கொடுப்பதுபோலத் தோன்றும். எனாமலைத் தேய்த்துத்தான் அந்த வெண்மை வருகிறது. பலம் கொடுத்து ரம்பம்போல இழுத்துத் தேய்ப்பவர்களுக்கு ஈறோரத்தில் பள்ளம் விழுந்து கூச்சம் வரும். ஊக்கு, தீக்குச்சி வைத்துக் குத்துவதற்குப் பதில் பல்லிடுக்கு நூலோ சிறு பிரஷ்ஷோ பழகலாம்.

ஃபுளோரைடு என்றதும் தர்மபுரி, கிருஷ்ணகிரி வாசகர்களுக்கு ஒரு கேள்வி எழும். நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்து, பழுப்பேறிய பற்களோடு தலைமுறைகள் வளர்ந்த பகுதி அது. அதற்காகவே ஜப்பானியக் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் கொண்டுவரப்பட்டு, 2013இல் பயன்பாட்டுக்கு வந்தது. தினமும் குடித்து உள்ளே போகும் அதிகப்படியான ஃபுளோரைடுதான் அங்கே பிரச்சினை. தேய்த்துத் துப்பும் பற்பசையின் கதை வேறு. ஆழ்துளைக் கிணற்று நீரையே நம்பியிருக்கும் ஊர்களில் பிள்ளைகள் பசையை விழுங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். குடிநீரைப் பரிசோதிக்கக் கேட்பது அதைவிட முக்கியம்.

பாக்கு பற்றிச் சொல்லாமல் விட முடியாது. புகையிலை சேராத வெறும் கொட்டைப் பாக்கும் மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004இல் வகைப்படுத்திவிட்டது. தமிழ்நாடு 2013இல் குட்காவைத் தடைசெய்த பிறகும், கட்டட வேலைக்குப் போகும் இளைஞர்களின் கன்னத்தில் அது அடங்கியிருப்பதைப் பார்க்கிறோம். உங்கள் மூன்று விரலை நிமிர்த்தி ஒன்றின்மேல் ஒன்றாக வாய்க்குள் வைத்துப் பாருங்கள். பழையபடி நுழையவில்லை, காரம் பட்டால் எரிகிறது, இரண்டு வாரமாகியும் ஆறாத புண்ணோ வெள்ளைத் திட்டோ இருக்கிறது என்றால் இந்த வாரமே ஒரு பல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

நாற்காலியில் அமரும் முன்

வாணியம்பாடிக்குப் பிறகு, நோயாளி கேள்வி கேட்பதை மரியாதைக் குறைவாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. மருத்துவரின் பதிவுச் சான்றிதழ் சுவரில் இருக்கிறதா? தமிழ்நாடு பல் மருத்துவக் கவுன்சிலின் பதிவு எண் அதில் இருக்க வேண்டும். மருத்துவ நிறுவனங்கள் சட்டத்தின் கீழ் அந்த இடம் பதிவாகியிருக்கிறதா? கருவிகள் மூடி ஒட்டிய உறையிலிருந்து உங்கள் கண் முன்னால் எடுக்கப்படுகின்றனவா? கையுறையும் ஊசியும் புதியவையா? சலைன் பாட்டில் உங்களுக்காகத் திறக்கப்பட்டதா?

கொதிக்கும் தண்ணீரில் போட்டெடுப்பது கிருமி நீக்கம் ஆகாது. அழுத்தத்தில் 121 டிகிரி நீராவியில் குறைந்தது 15 நிமிடமாவது வேகவைக்கும் ஆட்டோகிளேவ் வேண்டும். அதற்குள் போய்வந்த உறைகளில் நிறம் மாறும் ஒரு குறியீடு இருக்கும். "அந்த நிறத்தைக் காட்டுங்கள்" என்று கேட்டால், ஒழுங்காக நடத்தும் மருத்துவர் பெருமையோடு காட்டுவார். நம் ஊர்களில் அப்படி நடத்துபவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஓர் இடத்தின் அலட்சியத்துக்காக அவர்கள் எல்லாரும் சந்தேகத்தைச் சுமக்கிறார்கள்.

பணம்தான் தடை என்றால், பல் மருத்துவக் கல்லூரிகளுக்குப் போகலாம். 1953இல் தொடங்கிய சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரியும், கடலூர் மாவட்டத்திலும் புதுக்கோட்டையிலும் உள்ள அரசுக் கல்லூரிகளும் இருக்கின்றன. தனியார் கல்லூரிகளிலும் வெளியே ஆவதைவிடக் கட்டணம் குறைவு. மாணவர்கள் பேராசிரியர் மேற்பார்வையில் செய்வதால் நேரம் பிடிக்கும். இரண்டு மூன்று முறை போக வேண்டியிருக்கும்.

அரசு செய்ய வேண்டியவை

தேசிய வாய்நலத் திட்டம் 2014–15 முதல் இருக்கிறது. ஆனாலும் கிராமத்தில் இருக்கும் ஒருவருக்கு அரசு மருத்துவமனையில் பல்லைப் பிடுங்கிக்கொள்வது எளிது, காப்பாற்றிக்கொள்வது கடினம். அடைப்பதற்கான பொருளும் நேரமும் வேர் சிகிச்சைக்கான கருவிகளும் வட்டார அளவிலேயே கிடைக்க வேண்டும். பிடுங்கிய பற்களின் எண்ணிக்கையோடு காப்பாற்றிய பற்களின் எண்ணிக்கையையும் ஒவ்வொரு மருத்துவமனையும் மாதந்தோறும் அறிவிக்க வேண்டும்.

2021இல் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், சர்க்கரை நோயாளிகளின் வீட்டு வாசல்வரை போகிறது. அப்படி வீடு தேடிப் போகும் பணியாளரின் பையில் ஒரு டார்ச்சும் மூன்று கேள்விகளும் சேர்ந்தால் போதும்: பல் தேய்க்கும்போது ரத்தம் வருகிறதா, பல் ஆடுகிறதா, ஆறாத புண் இருக்கிறதா? புதிய துறையோ புதிய கட்டடமோ தேவையில்லை.

2022இல் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளைத் தினமும் ஒரே நேரத்தில் ஓரிடத்தில் சேர்க்கிறது. சாப்பிட்டு முடித்ததும் ஆசிரியர் முன்னிலையில் இரண்டு நிமிடம் பல் தேய்க்கும் பழக்கத்தை அங்கேயே கொண்டுவரலாம். பிலிப்பைன்ஸ் பள்ளிகளில் கை கழுவுவதோடு சேர்த்து இதைச் செய்துகாட்டியிருக்கிறார்கள். ஸ்காட்லாந்தில் மழலையர் பள்ளிகளிலேயே செய்கிறார்கள். முதல் வகுப்பிலும் இரண்டாம் வகுப்பிலும் ஆண்டுக்கொரு முறை பல் மருத்துவர் வந்து, ஆறு வயதுக் கடைவாய்ப் பல்லுக்குப் பூச்சு போட்டுவிட்டுப் போனால், அந்தத் தலைமுறையின் வேர் சிகிச்சைச் செலவில் பெரும்பகுதியைக் குறைத்துவிடலாம்.

பல் மருத்துவமனைகளில் கிருமி நீக்கப் பரிசோதனை முன்னறிவிப்பின்றி நடக்க வேண்டும். முடிவு வாசலில் ஒட்டப்பட வேண்டும். ஒரே இடத்துக்குப் போய்வந்த இரண்டு பேருக்கு வழக்கத்துக்கு மாறான தொற்று வந்தால், மூன்றாவது ஆள் போவதற்குள் தகவல் மாவட்டச் சுகாதார அலுவலருக்குப் போய்ச்சேரும் ஏற்பாடு வேண்டும். அப்படியொன்று இருந்திருந்தால் எட்டு என்ற எண் குறைந்திருக்கலாம்.

இதெல்லாம் நடக்கும்வரை வீட்டில் செய்ய ஒரு வேலை இருக்கிறது. இன்றிரவு சாப்பாட்டுக்குப் பிறகு, செல்பேசியின் விளக்கைப் போட்டு, வீட்டிலுள்ள குழந்தையை வாயைத் திறக்கச் சொல்லுங்கள். முன்னால் நடுவிலிருந்து எண்ணிக்கொண்டே பின்னால் போங்கள். ஆறாவதாக ஒரு பல் இருந்தால், அதன் பள்ளங்களில் கறுப்புக் கோடோ வெள்ளைப் புள்ளியோ தெரிகிறதா என்று பாருங்கள். பிறகு வீட்டிலுள்ள பெரியவரின் பக்கம் விளக்கைத் திருப்புங்கள்.